புகை ராசாவும் உடையப்பன் அடுப்பும்

எங்கள் கண்மாய்க்குள் பழங்காலத்து ஜப்பானியச் சக்கரவர்த்தி ஒருவர் வந்து நின்ற வருஷத்தில் மழை பிந்திப் பெய்தது, வெங்காயத்தின் விலை ஏறி இறங்கியது, இலந்தைப்பட்டிக்கு வருகிற பஸ் இரண்டு தடவை நேரம் மாறியது. அவர் வந்ததையும் ஊர் இவற்றோடு நாலாவதாகச் சேர்த்துக்கொண்டது, அவ்வளவுதான். தை முடிந்த முதல் வெள்ளிக்கிழமை காலையில் ஆடு பத்திக்கொண்டு போன வேலாயிதான் அவரை முதலில் பார்த்தாள். முந்தின நாள் வரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கண்மாய்த் தரையின் நடுவில் ஒரு மேடு இருந்தது, மேட்டைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் வளைந்து கிடந்தது, மேட்டின் மேல் எங்களில் யாருக்கும் பெயர் தெரியாத மரங்கள் பல நூறு வருஷம் நின்றவை போல அடர்ந்து நின்றன, மரங்களுக்கும் மேலே, உச்சியில், அகலக் கை வைத்த வெள்ளை உடுப்பில் ஒருவர் நின்று நெற்றியில் கையை வைத்து எங்கள் ஊர்க் கூரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலாயி அந்த மரத்து இலை ஒன்றைக் கிள்ளி மென்று பார்த்தாள், கசப்பில்லை என்று தெரிந்ததும் ஆடுகளை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள், பிறகு என் வீட்டு வாசலுக்கு வந்து, "காலேஜ் அக்கா, கம்மாய்க்குள்ள ஒருத்தரு நிக்கிறாரு. வெளியூரு போல. நல்லா வாழ்ந்த மொகமா இருக்கு" என்றாள்.

நாற்பத்தைந்து வருஷங்களுக்கு முன் பி.ஏ. சரித்திரம் படித்துவிட்டு இந்த ஊருக்கு வாழ வந்தவள் நான் என்பதால் அன்றிலிருந்து காலேஜ் அக்கா. சௌந்தரவல்லி என்று ஒரு பெயர் எனக்கு இருப்பது ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் தெரியும்.

ஒரு வாரத்துக்குள் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவர் தன் இடத்தில் கால்வாசி போய்விட்டதென்று மனு எழுதினார். கிராம நிர்வாக அலுவலர் வந்து சங்கிலி பிடித்து அளந்து, மேட்டுக்கு ஓர் உட்பிரிவு எண் போட்டு, மரங்களுடன் கூடிய தரிசு, நபர் ஒன்று என்று எழுதிக்கொண்டு போனார். மேல்நிலைத் தொட்டியில் ஏறி மருந்து கலக்குகிற ஆள், மேலேயிருந்து பார்த்தால் அந்த மேடு பூட்டில் சாவி நுழைக்கிற துவாரம் மாதிரி, ஒரு பக்கம் வட்டமும் ஒரு பக்கம் விரிந்த பாவாடையுமாக இருக்கிறது என்று சொன்னான். பெண்கள் அந்தத் தண்ணீரில் போர்வைகளை அலசினார்கள். மேட்டில் நின்றவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை, எதுவும் தின்னவில்லை. காலையில், உலை கொதிக்கிற நேரத்தில், உச்சிக்கு வந்து நின்று கூரை கூரையாகப் பார்ப்பார், சூரியன் ஒரு பனை உயரம் ஏறுகிற வரைக்கும் பார்ப்பார், பார்க்கப் பார்க்க அவருடைய முகம் வாடும், வாடிய முகத்தோடு மரங்களுக்குள் போய்விடுவார். கரையில் நின்ற எல்லாருக்கும் அந்த வாட்டம் தெரிந்தது. என்ன குறை என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. சும்மா இருந்திருக்கலாம், இருக்கவில்லை. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்த தடித்த புத்தகம் ஒன்றில், ஆசியாவின் பழைய ராஜ்ஜியங்கள் என்ற பாடத்தில், ஒரே ஒரு பத்தி அவரைப் பற்றியது, பக்கத்திலேயே அவரைப் புதைத்த, தண்ணீர் சூழ்ந்த சாவித்துவார மேட்டின் மங்கலான படம் ஒன்று. ஆயிரத்தறுநூறு வருஷங்களுக்கு முன் அந்தச் சக்கரவர்த்தி ஓர் உயரமான இடத்தில் ஏறி நின்று தன் தேசத்தைப் பார்த்தாராம், வீடுகளிலிருந்து புகையே எழவில்லையாம், என் ஜனங்களிடம் சமைக்க ஒன்றுமில்லை என்று அறிந்து மூன்று வருஷம் யாரும் வரி கட்ட வேண்டாம் என்றாராம். அந்த மூன்று வருஷமும் அரண்மனைக் கூரை ஒழுகியதாம், அவர் பழுது பார்க்கவில்லையாம், மறுபடி ஏறிப் பார்த்தபோது ஊரெல்லாம் புகை எழுந்ததாம், இனி நாம் பணக்காரர்கள் என்று ராணியிடம் சொன்னாராம். ராணியைப் பற்றி அந்தப் பத்தியின் கடைசியில் ஒரே ஒரு வரி: மிகுந்த பொறாமை கொண்டவள். யார் மேல், எதற்காக என்று இல்லை. சக்கரவர்த்தியின் பெயர்கூட எனக்கு மறந்துவிட்டது. பெயர் மறந்தும் மறக்காத புகழ் என்று ஒன்று இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

வேலாயியிடம் சொன்னேன். மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, சாயங்காலம் அவருக்குப் புகை ராசா என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

பஞ்சாயத்துத் தலைவி முத்துராக்கு எங்கள் தெருவில் பிறந்து எங்கள் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள்; குரல் பெரிது, மனசும் சின்னதல்ல. அவள்தான் அதை மானப் பிரச்சினையாக்கினாள். எங்கள் பக்கத்தில் அடுப்பு எரியாத வீடு என்றால் சாவு விழுந்த வீடு. அங்கே உலை வைக்க மாட்டார்கள், அக்கம் பக்கத்தார் சோறு பொங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இப்போது ஊரெல்லாம் சிலிண்டர். காலையில் முந்நூறு வீட்டில் சோறு வேகிறது, ஒரு வீட்டிலும் புகை இல்லை.

"அந்த மனுசன் நம்ம ஊரு மொத்தமும் எழவு வீடுன்னு நெனச்சிக்கிட்டு நிக்கிறாரு, அக்கா," என்றாள் முத்துராக்கு. "விருந்தாளி வந்து நிக்கிறப்ப அடுப்பு பத்த வைக்காதவள்னு நம்மளப் பேரு எடுக்கச் சொல்றீங்களா?"

மறுநாள் காலையிலேயே கீழத்தெருவில் வாசல்களில் மூன்று கல் கூட்டி விறகு வைத்தார்கள். புகை எழுந்தது. மேட்டின் மேல் நின்றவர் நெற்றியிலிருந்து கையை எடுத்தார், சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றி நான் என்ன சொல்ல. கட்டுப்போட்ட காயத்தைத் திறந்து ஆறிவிட்டது என்று பார்க்கிறவன் சிரிப்பானே, அப்படி ஒரு சிரிப்பு. ஊர் அந்தச் சிரிப்புக்குப் பழகிவிட்டது. தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார்கள், பிறகு முறை போதாமல் எல்லாத் தெருவும் எல்லா நாளும் என்று ஆயிற்று. காய்ந்த விறகில் புகை வராது என்பதால் பச்சை வேப்பிலையும் ஈரத் தேங்காய் மட்டையும் தேடினார்கள். யார் வீட்டுப் புகை நேராக எழுகிறது, யார் வீட்டுப் புகை பக்கத்து வீட்டுப் புகையில் சாய்கிறது என்று சண்டை வந்தது, ஒருத்தி புகையை ஒருத்தி முறம் வைத்து விசிறித் திருப்பியதாகப் புகார் வந்தது, உள்ளே குக்கர் விசிலடிக்க வெளியே கண் எரியப் பெண்கள் ஊதிக்கொண்டிருந்தார்கள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள், பஸ்ஸில் புகை ராசா ஸ்டாப்பிங் என்று கேட்டால் டிக்கெட் கொடுத்தார்கள். ராசா கூரை ஒழுக இருந்தவர் என்று டீக்கடையில் பேசிப் பேசிக் கண் கலங்கினார்கள். யார் சொன்ன கதை என்பதை ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. அது பரவாயில்லை. எனக்குப் பொறுக்காதது வேறு.

நான் பொறாமைக்குப் புதியவள் அல்ல. என் வீட்டுக்காரர் உடையப்பன் யூனியன் ஆபீஸில் கிராம சேவகராக இருந்தார். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாலு, பதினைந்து வருஷத்தில் புகையில்லா அடுப்பு கட்டச் சொல்லி அரசாங்க உத்தரவு வந்தது. மற்ற ஊர்களில் அடுப்புகள் காகிதத்தில் கட்டப்பட்டன, இவர் களிமண்ணும் உமியும் சாணமும் குழைத்துக் கையால் கட்டினார், குழாய் வைத்துக் கூரைக்கு மேலே ஏற்றினார், கட்டி முடித்து ஈரம் காய்ந்ததும் தானே முள் விறகை வைத்துக் கொளுத்தி, அடுப்பு வாயருகே புறங்கையை வைத்துக் காற்று உள்ளே போகிறதா என்று பார்த்துக்கொண்டே, "இழுக்குதா?" என்று அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்பார். அவள் கண்ணைத் தேய்க்காமல் நிமிர்ந்து, "இழுக்குது" என்பாள். இப்படி வீடு வீடாக, அடுப்படி அடுப்படியாக, இலந்தைப்பட்டி முழுவதும். பொம்பளைகள் அடுப்படியில் ஓர் ஆம்பளைக்கு என்ன வேலை என்று டீக்கடையில் சிரித்தார்கள், அவர் தெருவில் நடந்தால், "என்ன உடையப்பா, இழுக்குதா?" என்று குரல் வரும். அவரும் சிரித்துக்கொண்டு போவார். எனக்குத்தான் எரிந்தது. ஊரிலுள்ள அத்தனை அடுப்படிக்குள்ளும் அவர் குந்தியிருந்தார், அத்தனை பெண்களும் அவரிடம் "இழுக்குது" என்று சொன்னார்கள், என் அடுப்படியில் மட்டும் நான் பழைய கொடியடுப்பில் ஊதி ஊதிக் கண் சிவந்து கிடந்தேன். நம் வீட்டுக்கு எப்போது என்று கேட்டால், இரு, அதில் இன்னும் ஒரு குறை இருக்கிறது என்பார்.

குறை என்னவென்றால், குழாய் புகையை வெளியே தள்ளியதே தவிரத் தின்னவில்லை. நம் கண்ணுக்குத் தப்பிய புகை அடுத்த வீட்டுக் கண்ணில்தானே விழும் என்பார். ஒன்பது வருஷம் அதையே யோசித்தார். அடுப்பின் முதுகில் ஓர் ஓட்டை வைத்து, காற்றைச் சுற்றி வளைத்துச் சூடாக்கி உள்ளே விட்டு, புகை குழாய்க்குள் போகுமுன் அதையும் நெருப்பே தின்றுவிடும்படி ஒரு வழி கண்டார். அந்த அடுப்பைத்தான் என் வீட்டில் கட்டினார். பற்ற வைத்த அன்றைக்கு வெளியே ஓடிப்போய்க் குழாயின் தலையைப் பார்த்தோம். அங்கே காற்று லேசாக நடுங்கியது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை, நீலமாக வானம் இருந்தது. "இழுக்குதா, சௌந்தரம்?" என்றார். நான் "இழுக்குது" என்றேன். ஊர்ப் பெண்கள் எல்லாரும் சொன்ன வார்த்தையைக் கடைசி ஆளாக நான் சொன்னேன்.

இரண்டாவது அடுப்பை அவர் கட்டவில்லை. அதற்குள் நெஞ்சு கட்டிக்கொண்டது. ஒவ்வோர் அடுப்பையும் முதல் புகையைத் தான் குடித்துப் பார்த்துத்தான் கட்டினார் அவர். அவர் போன கொஞ்ச வருஷத்தில் சிலிண்டர்கள் வந்தன, மண்ணடுப்புகளை இடித்து மேடை போட்டார்கள், இடித்த மண்ணை வண்டியில் அள்ளிக் கண்மாய்க் கரையில் கொட்டினார்கள். மிஞ்சியது என் வீட்டு அடுப்பு ஒன்றுதான். நான் இன்றைக்கும் அதில்தான் சமைக்கிறேன்.

ஆக, புகை இல்லை என்று கவலைப்பட்டவருக்கு ஆயிரத்தறுநூறு வருஷப் புகழ். புகையே வேண்டாமென்று உழைத்துச் செத்தவருக்குப் பன்னிரண்டு வருஷத்தில் ஒன்றும் இல்லை. சக்கரவர்த்தி வரியைத் தள்ளினார், சரி. வரி அவருடையது, தள்ள முடிந்தது. கூரை ஒழுகியது என்கிறார்கள். எங்கள் கூரையும்தான் ஒழுகியது, குழாய்க்குக் காசு போதாமல் இவர் சம்பளத்தில் போட்டபோது நான்தான் பாத்திரம் வைத்தேன், ஒழுகிய அரண்மனையில் பாத்திரம் வைத்தது யார் என்று எந்தப் புத்தகத்திலாவது இருக்கிறதா. காலையில் கதவைத் திறந்தால் ஊர் மேல் புகை கம்பளி போலக் கிடந்தது. அந்தக் கம்பளிக்குக் கீழே முத்துராக்குவின் அம்மா இருமினாள். முப்பது வருஷத்துக்கு முன் அவளுடைய இருமலை நிறுத்தத்தான் உடையப்பன் இந்த ஊரின் முதல் அடுப்பைக் கட்டினார். மேட்டில் நின்றவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அவரை வெறுத்தேன். அவர் நல்லவர் என்பதால் இன்னும் வெறுத்தேன்.

பங்குனி பாதியில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

ஊரில் எல்லா வீட்டிலும் புகை எழுந்த பிறகு, எழாத வீடு ஒன்று தனியாகத் தெரிந்தது. என் அடுப்பு எரிந்தது, என் உலை கொதித்தது, என் குழாயின் தலையில் காற்று நடுங்கியது. அவ்வளவு தூரத்திலிருந்து நடுக்கம் தெரியுமா. முந்நூறு புகைக்கு நடுவில் சொத்தைப் பல் விழுந்த இடம் போல என் வீட்டுக் கூரை வெறுமையாக இருந்தது. சக்கரவர்த்தி நெற்றியில் மறுபடி கையை வைத்தார், வேறெந்தக் கூரையையும் பார்க்காமல் என் கூரையை மட்டும் பார்த்தார், முகம் வாடியது. நாள்தோறும் அப்படியே. புகையை நேராக எழுப்பப் பச்சை மட்டைக்கு அலைந்தவர்களுக்கு அது தாங்கவில்லை. நாங்கள் கண் எரிய ஊதுகிறோம், அவர் சும்மா கிடக்கிற வீட்டைப் பார்க்கிறாரே என்று என் காதுபடப் பேசினார்கள். ராசாவை வளைத்துப் போட்டுவிட்டாள், அந்தக் காலத்திலேயே காலேஜ் போனவள் அல்லவா என்றார்கள். என் எரிச்சல் ஊருக்கும் தொற்றிக்கொண்டதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வாசலில் மூன்று கல் வையுங்கள் என்று முதலில் சொல்லியனுப்பினார்கள். என் வீட்டில் அடுப்பு இருக்கிறது, எரிகிறது, இரண்டாவது அடுப்பு வைக்க மாட்டேன் என்றேன். வெள்ளிக்கிழமை முத்துராக்குவே வந்தாள். ஒரு சட்டி நிறையக் குழைத்த களிமண்ணோடு வந்தாள்.

"இடிக்கச் சொல்லலக்கா. பின்னால இருக்குற அந்த ஓட்டைய மட்டும் அடச்சிருவோம். ஒரு கை மண்ணு. பொகை தன்னால வந்துரும்."

அதற்குத்தான் ஒன்பது வருஷம் ஆயிற்று என்றேன்.

"அட, கவர்மெண்டு அடுப்புதானக்கா. மாமா சம்பளத்துக்குத்தான கட்டுனாரு," என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை; அவளுக்கு அப்படித்தான் தெரிந்திருந்தது. அவள் குழந்தையாக இருந்தபோது அம்மாவின் அடுப்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வராமல் வாய்ப்பாடு படித்தவள். நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டி வாங்குகிற நினைவு எனக்கு எதற்கு. திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்போம், இல்லாவிட்டால் ஊர் வந்து அடைக்கும் என்று சொல்லி, சட்டியை என் வாசலிலேயே ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நான் அந்த அடுப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தனியாக இருக்கிற ஒரு கிழவி, ஊர் திரண்டு வந்தால் எதை வைத்துத் தடுக்க முடியும். அந்த ஓட்டை ஓர் எலுமிச்சம்பழம் நுழைகிற அளவு. உடையப்பனின் புகழ் மொத்தமும் அதற்குள் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஊர் வருவதற்கு முன்னால் சக்கரவர்த்தி வந்துவிட்டார். மேட்டை விட்டு அவர் இறங்கியது அந்த ஒரே தடவைதான். முழங்கால் தண்ணீரில் வெள்ளை உடுப்பு நனையக் கடந்து, கரையேறி, புகைக்கு நடுவில் மரச்செருப்புச் சத்தத்தோடு தெருவில் நடந்து வந்தார். ஊதுகுழலும் விசிறியுமாக இருந்த பெண்கள் அப்படியே எழுந்து பின்னால் வந்தார்கள். இரண்டு கையாலும் ஒரு மரக்கிண்ணத்தைப் பிடித்திருந்தார். கிண்ணத்தில் அரிசி இருந்தது. எழவு வீட்டுக்குக் கொண்டுவருகிற மாதிரி, கிண்ணத்தை உடம்போடு சேர்த்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். "பாரு, அவருக்கே தெரிஞ்சிருக்கு" என்று யாரோ பின்னால் மெச்சிக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றியதற்குக்கூட அவருக்குப் பெயர்.

பக்கத்தில் பார்த்தால் அவர் வயசானவர். கண்ணுக்கடியில் தூங்காத பை. எத்தனை ஊர்களின் கூரைகளை இப்படிப் பார்த்துக்கொண்டு நின்றாரோ. அவர் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார், நான் வாங்கவில்லை.

"இந்த வீட்ல அடுப்பு எரியுது," என்றேன். "பொகைதான் இல்ல. இவரு கட்டுனது."

சுவரில் என் வீட்டுக்காரரின் படம் இருந்தது, அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. அதைக் காட்டினேன், அடுப்பைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வழியில்லை, ஆனால் அடுப்பைத் தெரிந்தது. கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அடுப்பின் முன் குந்தினார். உலை கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே குனிந்து தழலைப் பார்த்தார், மேலே பார்த்தார், கரி பிடிக்காத சுவரைத் தடவி விரலைப் பார்த்தார். எழுந்து கொல்லைப் பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் ஏறி, தாழ்ந்த கூரைக்கு மேலிருந்த குழாயின் தலைக்கு நேரே தன் உடுப்பின் அகலமான வெள்ளைக் கையை நெடுநேரம் பிடித்தார், வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. திரும்பி வந்து மறுபடி குந்தி, அடுப்பு வாயருகே புறங்கையை வைத்தார். வைத்து, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அந்த இடத்தில் ஓர் ஆண் அப்படிக் குந்தியிருந்து, புறங்கையை அப்படி வைத்து, அப்படி நிமிர்ந்து என்னைப் பார்த்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. இழுக்குதா என்று அந்தப் பார்வை கேட்டது.

"இழுக்குது," என்றேன்.

அவர் வாசல் வழியே ஊரைப் பார்த்தார். பச்சை வேப்பிலைப் புகை தெருவில் உருண்டது, அதற்குள் முத்துராக்குவின் அம்மா இருமுவது கேட்டது. அவர் பார்த்த பார்வையில், ஆயிரத்தறுநூறு வருஷமாக ஒரே எழுத்தை மட்டும் படித்து வந்த மனுஷன், அந்த எழுத்தைத் தனக்காகப் பொய்யாக எழுதிக் காட்டியிருக்கிறார்கள் என்று கண்டுகொண்டது தெரிந்தது. அகலக் கையால் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டார். பிறகு அடுப்பின் பக்கம் திரும்பி, இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றி, நெற்றி மண்ணில் பட வணங்கினார்.

அந்த நிமிஷம் எனக்கு ஆறியிருக்க வேண்டும். ஒரு தேசத்தின் சக்கரவர்த்தி உடையப்பனின் கைவேலைக்கு முன்னால் நெற்றியைத் தரையில் வைத்திருக்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும். ஆனால் வாசலில் நின்ற கூட்டம் மூச்சு விட்டது, முத்துராக்கு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம்புட்டுப் பெரிய மனசு பாருங்க. ஒரு மண்ணடுப்பக் கும்புடுறாரு" என்றாள், எல்லாரும் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஒருவரும் அடுப்பைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த படத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அந்த வணக்கமும் ராசா கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது.

நான் செருப்பை எடுத்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

"பாத்தாச்சுல்ல. இந்த ஊர்ல ஒங்களுக்கு இனி வேலை இல்ல. போங்க," என்றேன்.

எங்கள் பக்கத்தில் பகையாளியைக்கூடப் போய்ட்டு வாங்க என்றுதான் அனுப்புவோம். வெறும் போங்க என்பது பாடையைப் பார்த்துச் சொல்கிற சொல். கூட்டத்தில் ஒருத்தி, "அடிப்பாவி" என்றாள். அவர் மட்டும் கோபப்படவில்லை, கொஞ்சம் தலையசைத்தார், எங்கேயோ, யாரோ ஒரு பெண்ணிடம், இதே தொனியைப் பலமுறை கேட்டுப் பழகியவர் போல. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். வழியில் முத்துராக்கு வீட்டு வாசலில் மட்டும் நின்று, இருமுகிற கிழவியின் முன்னாலிருந்த மூன்று கல் அடுப்பிலிருந்து புகைகிற மட்டையை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி அணைத்தார்.

மறுநாள் காலையில் கண்மாய்க்குள் மேடு இல்லை, மரங்கள் இல்லை, தண்ணீர் இல்லை. பாளம் பாளமாக வெடித்த தரை கிடந்தது. வேலாயியின் ஆடுகள் நடுவில் போய் நின்று கத்தின. மீன் குத்தகைக்காரர் தன் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார், கிராம நிர்வாக அலுவலர் வந்து உட்பிரிவு எண்ணைச் சிவப்பு மையால் அடித்தார். பார்க்க ஆள் இல்லாததால் புகை போடுவதும் நாலைந்து நாளில் நின்றுபோனது, வானம் பழையபடி நீலமாயிற்று. என் வாசலில் இருந்த களிமண் சட்டி காய்ந்து விரிசல் விட்டது, அதை வாங்கிப் போக முத்துராக்கு வரவில்லை. சக்கரவர்த்தி விட்டுப்போன அரிசியை நான் அந்த அடுப்பிலேயே பொங்கினேன். நம் அரிசியைவிடக் கொஞ்சம் ஒட்டியது, மற்றபடி அரிசிதான். மரக்கிண்ணத்தைப் பஞ்சாயத்து ஆபீஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வெள்ளிதோறும் பூப் போடுகிறார்கள்.

ஊர் என்னோடு ஏழெட்டு மாசம் பேசவில்லை. பிறகு பேசியது, ஆனால் நான் தெருவில் நடந்தால் பின்னால் குரல் வரும்: ராசாவையே விரட்டுன மகராசி போறா. என் பெயர் காலேஜ் அக்காவிலிருந்து பொறாமைக்காரி ஆகிவிட்டது. ராசா கதையை இப்போது எல்லா ஊரிலும் சொல்கிறார்கள், கூரை ஒழுகியது, வரி தள்ளியது, மண்ணடுப்பைக் கும்பிட்டது எல்லாம் இருக்கிறது, கடைசியில் ஒரு பொறாமைக்காரி வந்து அவரைத் துரத்திவிடுகிறாள். நான் அதைக் கேட்டு முதலில் அழுதேன். பல நாள் அழுதேன். பிறகு ஒரு நாள் அழவில்லை.

அன்றைக்கு வேலாயி தன் மகனுக்குக் கட்டிக்கொண்டு வந்த புதுப்பெண்ணை என் வீட்டுச் சுவரின் மறுபக்கம் உட்கார வைத்து, வெளியூரிலிருந்து வந்தவளுக்கு ஊர்க் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே உலை வைத்திருந்தேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, வெள்ளந்தியாகக் கேட்டாள்: "ஏன் அத்தை, அவுகளுக்கு ராசா மேல என்ன பொறாமை?"

பொறாமைக்காரியைச் சொல்லிவிட்டுப் பொறாமையைச் சொல்லாமல் விட்டால் கதை நொண்டும் என்று வேலாயிக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

"அதுவா," என்றாள். "அவ புருசன் உடையப்பன்னு ஒருத்தரு. இந்த ஊருல ஒரு காலத்துல அம்புட்டு வீட்லயும் பொகை. எங்க ஆத்தாளுக்குக் கண்ணே போச்சு. அந்த மனுசன்தான் வீடு வீடாப் போயி..."

ஜப்பான் தேசத்து ராணிக்கு அந்தப் பத்தியில் ஒரு வரிதான் கிடைத்தது, எதற்காகப் பொறாமை என்று அவளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. என்னைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். இனி அந்தச் சக்கரவர்த்தியின் கதை எத்தனை நூறு வருஷம் நடக்கிறதோ அத்தனை வருஷமும் அதன் வாலில் ஒரு பொறாமைக்காரி இருப்பாள், அவள் இருக்கிற வரைக்கும் யாராவது ஒரு புதுப்பெண் காரணம் கேட்பாள், காரணம் கேட்டால் உடையப்பன் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் வேலாயி அடுப்புக்கு முதுகில் ஓர் ஓட்டை உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாள், அளவைத் தப்பாகச் சொன்னாள், தேங்காய் அளவு என்றாள். நான் திருத்தவில்லை. முள் விறகை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, அடுப்பு வாயருகே புறங்கையை வைத்துப் பார்த்தேன். இழுத்தது.